மூன்றாம் தூணருகே விரித்த சீலை

சொறிக்கல்முனைச் சிலுவைக் கோயில் திருநாளுக்கு நான் போய்வந்த ஒவ்வொரு வருடத்துக்கும் என் கொப்பியில் ஒரு பக்கம் இருக்கிறது. கல்முனையில் வீட்டுப் படலையைச் சாத்திய நேரம், தண்ணீருக்குக் குறுக்கே கிடக்கும் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்த நேரம், பூசை தொடங்கியதும் முடிந்ததும், வெயிலா மப்பா, பிரசங்கம் எத்தனை நிமிடம். கடைசியில் "இடம்" என்று ஒரு வரி. ஆஸ்பத்திரியில் நோயாளர் பதிவேடுகள் வைக்கும் அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். நேரமும் கிழமையும் எழுதாவிட்டால் ஒரு காரியம் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது.

ஓய்வு பெற்ற பிறகு பழைய கொப்பிகளை வருட வாரியாக அடுக்கியபோது, மற்ற எல்லாம் மாறியிருக்க, அந்தக் கடைசி வரி மட்டும் மாறாமல் இருப்பதைக் கண்டேன். "இடம்: மூன்றாம் தூண், பெண்கள் பக்கம். இரண்டு பேருக்கு."

இரண்டாவது ஆள் என் அக்கா. எனக்கு ஆறு வயது மூத்தவள். சொறிக்கல்முனையில் வாழ்க்கைப்பட்டவள். கலியாணத்துக்கு முன்பே நாங்கள் இருவரும் அம்மாவோடு அந்தத் தூணடியில்தான் இருப்போம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் வந்து வராமல் விட்ட பிறகு நாங்கள் இரண்டு பேர். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் அக்கா புருசனோடும் பிள்ளைகளோடும் கனடாவுக்குப் போனாள். அதற்குப் பிறகு நான் ஒருத்தி. ஆனால் கொப்பியில் "இரண்டு பேருக்கு" என்றுதான் எழுதினேன். அது பொய்யல்ல. இரண்டு பேருக்கான இடத்தை ஒவ்வொரு வருடமும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எப்படிப் பிடிப்பது என்று சொல்ல வேண்டும். திருநாளுக்கு முதல் நாள் கோயிலுக்குள் சனம் இருக்கப் போட்டிருக்கும் வாங்குகளை எல்லாம் தூக்கி வெளியே பந்தலுக்குள் போட்டுவிடுவார்கள். உள்ளே வெறும் சீமெந்துத் தரை. வெள்ளன வருகிறவர்கள் சீலையோ துவாயோ பன்பாயோ விரித்து, பின்னால் வரும் தங்கள் ஆட்களுக்கு இடம் வைப்பார்கள். விரித்த சீலையில் இன்னொருவர் இருக்கமாட்டார். முதல் வாசகம் தொடங்கும் வரைக்கும்தான் அந்த உரிமை. அதற்குப் பிறகும் ஆள் வராவிட்டால் சீலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நிற்கிறவர்களில் ஒருவருக்குக் கண்ணைக் காட்ட வேண்டும். யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

நான் விரித்தது அக்கா விட்டுவிட்டுப் போன சீலை. மருதமுனைக் கைத்தறி, நீலக் கட்டம். நாலாக மடித்தால் ஒரு ஆள் சம்மணம் போட்டு இருக்கக் காணும். முதல் வருடம் அதை விரித்தது, அக்கா வராவிட்டாலும் அவள் சீலையாவது பூசை காணட்டும் என்ற நினைப்பில்தான். வாசகம் தொடங்கியதும் மடிக்கத்தான் இருந்தேன். கை வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மிஸ் என்ற மரியாதை. பாதிப் பேரின் பிள்ளைகளுடைய பிறப்புத் துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் நான். அடுத்த வருடமும் மடிக்கவில்லை. பிறகு அது வழக்கமாகிவிட்டது.

கேலி இல்லாமல் இல்லை. எனக்குப் பின்னால் வழமையாக இருக்கும் ஒரு பாண்டிருப்புக்காரி ஒருமுறை, "மிஸ், இந்தச் சீலை எங்களுக்கு முதல் மோட்சத்துக்குப் போகும். ஒரு பூசையும் தவறவிட்டதில்ல" என்றாள்.

"அதுக்கு ஒரு நன்மையும் வாங்கிக் குடுங்கவன்" என்றாள் அவளுடைய மச்சாள். நன்மை என்பது நற்கருணை.

நானும் சிரித்தேன். சனம் வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்பது எனக்குத் தெரியும். ஆனால் சனத்தை நெருக்கித் தள்ளுகிறவள் நான் இல்லை என்று எனக்கு ஒரு திருப்தி இருந்தது. நற்கருணை வாங்கும் வரிசையில் நாலு பேரை முன்னால் விட்டுத்தான் போவேன். சிலுவையைத் தொட்டு முத்தமிடும் இடத்தில் எல்லாரும் முண்டும்போது ஒதுங்கி நின்று கடைசி ஆளாகத் தொடுவேன். பூசை முடிந்து சனம் கலைந்ததும் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவேன். இவற்றையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன் என்பதை இப்போது வாசிக்கும்போது காது சூடாகிறது. ஒரு வருடம், "பதினேழு பேரை முன்னால் விட்டேன்" என்று இருக்கிறது. எண்ணியிருக்கிறேன்.

மற்றவர்கள் எழுதிய நாட்குறிப்புகள் நிறைய வாசித்திருக்கிறேன். மழையும் விலைவாசியும் சாவும் அவற்றில் சரியாக இருக்கும். எழுதியவர் செய்த பிழை மட்டும் எங்கேயும் இருக்காது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தொலைபேசி எடுத்தாள்.

"புள்ள, இந்தத் திருநாளுக்கு வாறன்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். அக்கா இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தவள். அம்மாவின் அடக்கத்துக்கு வந்துபோனதற்குப் பிறகு வரவேயில்லை. அதுவும் மாரி காலம், திருநாள் காலமல்ல.

"கேக்குதா? டொக்டர் இந்த ஒருதரம் விட்டிருக்கார். மறுகா இவ்வளவு தூரம் பறக்கேலாதாம். எட்டு நாள்தான் நிப்பன்."

"திருநாளண்டு காலையில நிப்பீங்களா?"

"அதுக்குத்தானே வாறன். எங்க இருப்பம்?"

"எங்க, அதே இடத்திலதான்."

"சீலை இன்னும் கிடக்கா?"

"கிடக்கு."

"அப்ப என்னை விட அது உறுதி" என்று சிரித்தாள்.

நான் இரண்டு முறை விசாவுக்கு எழுதி இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. எனவே இது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும்: அக்காவோடு அந்தத் தூணடியில் இருக்க எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பூசை. ஒன்றேகால் மணித்தியாலம். அந்த ஜூன் மாதத்திலிருந்து செப்டம்பர் நடுவரைக்கும் வேறொன்றையும் நினைக்கவில்லை என்று சொன்னால் மிகையல்ல.

அக்கா முதல் நாள் மட்டக்களப்பில் புருசனின் ஆட்கள் வீட்டில் தங்கி, திருநாள் காலையில் வானில் நேரே கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. "பெரிய வாசலால வாங்க. இடது கைப்பக்கம், மூன்றாம் தூண்" என்று மூன்று முறை சொல்லிவைத்தேன்.

என்னைக் கூட்டிப்போவது எங்கள் ஒழுங்கைக் கடைசியில் இருக்கும் ஓட்டோக்காரக் காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பத்துப் பன்னிரண்டு திருநாளாக அவர்தான். பூசை முடியும் வரைக்கும் கோயில் வளவின் பக்கவாட்டில், வேம்புக்குக் கீழே ஓட்டோவை விட்டுவிட்டு நிற்பார். அன்று விடியற்காலைச் சுபஹு தொழுகை முடித்த கையோடு வந்துவிட்டார். என் மடியிலிருந்த பையைக் கண்ணாடியில் பார்த்தார்.

"சீலையும் வருதா மிஸ்?"

"இண்டைக்குச் சீலைக்குரிய ஆளும் வருது காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ். எங்கட பள்ளியில முசல்லாப் பாய விரிச்சு இடம் புடிச்சாக்கா ஹஸ்ரத் பயான் பேசக்குள்ளயே குத்திருவாரு. பிந்தி வாறவன் மத்தவன்ட தோளத் தாண்டியும் போகப்படா. வந்தவன் வந்த இடத்தில குந்த வேண்டியதுதான். உங்களுக்கு வசதி."

"வசதியில்ல காக்கா, வழக்கம்."

"அதுதானே சென்னன்" என்று சிரித்தார்.

நற்பிட்டிமுனை தாண்டியதும் இரண்டு பக்கமும் வெட்டி முடிந்த வயல், தாள் மட்டும் நின்றது. தாம்போதி ஐந்து முப்பத்தைந்துக்கு. கோயில் படலையில் காவலுக்கு நின்றவர்களிடம் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போய் ஐந்து நாற்பத்தைந்துக்கு மூன்றாம் தூணடியில் சீலையை விரித்துவிட்டேன். பெண்கள் எல்லாரும் செய்தி அறிந்திருந்தார்கள். நான்தான் சொல்லியிருந்தேன்.

ஆறரைக்குள் உள்ளே கால்வைக்க இடமில்லை. ஏழு மணிப் பூசைக்கு ஆயர் வரும் வருடம் அது. பெரிய வாசலில் ஆட்கள் தலைக்கு மேல் தலையாக நின்றார்கள். நான் கழுத்தைத் திருப்பி அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு ஐம்பதுக்கு ஒரு பெண் ஆட்களுக்கு நடுவே காலைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்து என் பக்கத்தில் நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். முகம் வெளிறியிருந்தது. இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை, தோளில் ஒரு பை.

"அம்மா, இதில கொஞ்சம் இருக்கட்டா? புள்ளைய வச்சிக்கிட்டு நிக்கேலாமக் கிடக்கு."

"ஆள் வருது தங்கச்சி."

"ஆள் வந்தா எழும்பிருவன்."

அது நியாயமான பேச்சு. ஆனால் அவள் இருந்தால், அக்கா வாசலில் தலைகாட்டும் நேரத்தில் குழந்தை நித்திரையாகியிருக்கும், எழுப்ப முடியாமல் போகும், அக்கா நிற்பாள், எல்லாம் கெட்டுப்போகும் என்று ஒரு கணத்தில் மனம் ஓடியது.

"இல்ல. கனடாவில இருந்து வாறா" என்றேன். "இவ்வளவு வருசத்துக்குப் பிறகு வாறா."

"கனடாவில இருந்தா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. அது எவ்வளவு தூரம் என்று யோசிக்கிறவள்போலத்தான் கேட்டாள். திரும்பும்போது குழந்தையின் ஒரு செருப்பு கழன்று சீலையில் விழுந்தது. நான் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வந்த வழியே போக முடியாமல் பக்க வாசலால் வெளியே போனாள்.

பூசை ஏழு ஐந்துக்குத் தொடங்கியது. வருகைப் பாட்டு முடிந்தது. அக்காவைக் காணவில்லை. முதல் வாசகம் வாசிக்க ஆள் எழும்பியதும் பாண்டிருப்புக்காரி என் முதுகில் விரலால் தட்டினாள்.

"மிஸ், வாசகம் தொடங்கிட்டு."

நான் கேளாததுபோல் இருந்தேன். பிரசங்கம் தாழ்ச்சியைப் பற்றி என்று பிறகு கேள்விப்பட்டேன். அதன் நீளம் பத்தொன்பது நிமிடம் என்று கொப்பியில் இருக்கிறது; அதில் என்ன சொல்லப்பட்டது என்று இல்லை. நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பெரிய வாசலைப் பார்த்தபடி, கையை நீலச் சீலையின் மேல் வைத்தபடி, முழுப் பூசையும் இருந்தேன். நற்கருணைக்கு எழும்பவில்லை. எழும்பினால் இடம் போய்விடும்.

பூசை முடிந்து சனம் கரைந்து நான் வெளியே வந்தபோது அக்கா வேம்படியில் நின்றாள். பக்கத்தில் ஓட்டோக்காரக் காக்கா. மெலிந்து, தலை முழுக்க நரைத்து, அம்மாவைப் போலவே இருந்தாள். கட்டிப்பிடித்தேன். அவளுடைய இடது தோளில் சேலை ஈரமாகக் கிடந்தது; சுண்ணாம்பு காய்ந்ததுபோல் ஒரு வெள்ளைக் கறையும் இருந்தது. அதைக்கூடக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். என்ன கறை என்று கேட்கவில்லை.

"எங்கக்கா போனீங்க?"

"பிந்திட்டன் புள்ள. தாம்போதியில வைக்கோல் மெசினும் பஸ்சும் முட்டிக்கிட்டு நிண்டு, இறங்கி நடந்து வந்தனான். சனம் கூட. உள்ளுக்கு வரேல்ல."

"பெரிய வாசலால வாங்க எண்டு சொன்னன்தானே."

"சனம் கூட."

"சனம் கூடத்தான். அதுக்குத்தானே நான் விடிய முதல் வந்து குந்தினனான்!"

காக்கா ஓட்டோவை முடுக்கினார். வழமையாகத் தாம்போதியில் ஏதாவது கதை சொல்கிறவர் அன்று வாயே திறக்கவில்லை. அக்கா வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று பின்னேரம் எழுதினேன்: "அக்கா பிந்தி வந்தாள். இடம் வீண்."

எட்டு நாளில் மூன்று நாள் நான் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வேளைக்குச் சாப்பாடு வைத்தேன், குளிக்கச் சுடுதண்ணீர் வைத்தேன், மருந்து நேரத்தைச் சொன்னேன். கேட்டால் ஓம் என்பேன், இல்லை என்பேன். அவள் பழைய வீட்டுக் கதை எடுப்பாள். நான் ஏதாவது கழுவ எழும்பிப் போவேன். இருபத்தைந்து வருடம் திருநாளுக்கு எதிர்பார்த்திருந்த ஒருத்தி எட்டு நாளைக்கு வந்திருக்க, அதில் மூன்றை நானே எடுத்து வீசினேன்.

நாலாம் நாள் காலையில் நான் குசினியில் கீரிமீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு பலகைக்கட்டையை இழுத்துப்போட்டு என் முன்னால் குந்தினாள்.

"இந்தக் கோவம் எத்தினை மணிக்கு முடியும்? கொப்பியில எழுதி வச்சிருக்கியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் கையோடு சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒரு மீனை எடுத்து வெட்டத் தொடங்கினாள். கனடாவில் தலை இல்லாத மீன்தான் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே தலையைக் கொய்தாள். மிச்ச ஐந்து நாளும் நல்ல நாள்கள். கடற்கரைக்குப் போனோம், அம்மாவின் கல்லறையைத் துப்புரவாக்கினோம். திருநாளைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. போகும் அன்று நீலச் சீலையை அவளுடைய பெட்டிக்குள் வைத்தேன். அவள் அதை எடுத்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நவம்பர் மாதத்தில், மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, கிளினிக்குக்குப் போக ஓட்டோவில் ஏறினேன். அன்று காக்கா பத்து நிமிடம் பிந்தி வந்தார்.

"நீங்களும் என்ட அக்காவைப் போலதான். தலைபோற காரியத்துக்கும் பிந்தித்தான் வாறது" என்றேன்.

அவர் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே ஓட்டோவை ஓரமாக்கி நிறுத்தினார். முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"மிஸ், உங்கட ராத்தா செல்லப்படா எண்டு சென்னாங்க. நான் வாக்குக் குடுத்தன். ஆனா நீங்க இது மூணாந்தரமா அவங்களப் பிந்தினவங்க எண்டுறீங்க. கேட்டுக்கிட்டுச் சும்மா இரிக்கிறதும் எனக்குப் பாவம். ராத்தா பிந்தல்ல."

"என்ன?"

"பாட்டுப் படிக்கக்குள்ள வந்துட்டாங்க. பக்கத்தால வந்தாங்க. அங்க ஒரு புள்ளத்தாய் வேம்பு வேரில குந்தி இரிக்கா, தலை சுத்துதாம். குழந்த கத்துது. நான்தான் தண்ணிப் போத்தல் குடுத்தன். ராத்தா அந்தப் புள்ளக்கிட்ட, உள்ளுக்கு இருக்க இடமில்லையா எண்டு கேட்டாங்க. அது சென்னது, 'ஒரு இடம் கிடக்கு, நீலச் சீலை விரிச்சு வச்சிருக்காங்க. கனடாவில இருந்து வாற ஒராளுக்காம்' எண்டு."

மழை தகரத்தில் அடித்தது. நான் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க அழுவாங்களாக்கும் எண்டு நினைச்சன் மிஸ். சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, 'புள்ளையத் தாங்க' எண்டு வாங்கித் தோளில போட்டாங்க. பூசை முடியுமட்டும் இறக்கல்ல. அது பால் கக்கிச்சு, துடைச்சுக்கிட்டாங்க. நான் சென்னன், நீங்கதானே அந்தக் கனடா ஆள், உள்ளுக்குப் போங்க, மிஸ் பாத்துக்கிட்டு இரிப்பாங்க எண்டு."

"அதுக்கு?"

"'இந்தப் புள்ளட தாய இருக்க விடாத இடத்தில நான் எப்படிக் காக்கா குந்துற? இவட கண்ணுக்கு முன்னால?' எண்டாங்க. பிறகுதான், தங்கச்சிக்குச் செல்லாதீங்க, அவ எனக்காகத்தான் வச்சிருந்தவ எண்டு கேட்டுக்கிட்டாங்க."

கிளினிக்குக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திருப்பச் சொன்னேன். படலையில் இறங்கும்போது அவர், "கோவிக்காதீங்க மிஸ்" என்றார். யாரோடு கோபிப்பது.

இங்கே பின்னேரம் என்றால் அங்கே காலை. அதுவரை இருந்து கனடாவுக்கு அழைத்தேன். அக்கா எடுத்தாள்.

"காக்கா சொல்லிட்டார்" என்றேன்.

"வாக்குக் குடுத்த மனிசன்" என்றாள்.

"ஏனக்கா என்னட்டச் சொல்லல்ல? மூன்று நாள் நான் உங்களோட கதைக்காம இருந்தனான்."

"சொன்னா நீ வாழ்நாள் முழுக்க அழுவாய். கோவம் எண்டா மூன்று நாளில போயிரும். எது நல்லம்?"

"நெஞ்சு வருத்தத்தோட ஒன்றேகால் மணித்தியாலம் புள்ளையத் தூக்கிக்கொண்டு..."

"பஞ்சு மாதிரிப் புள்ள. ஒரு செருப்புத்தான் போட்டிருந்தது. மற்றது தாய்ட கையில."

நான் அழுதேன். அவள் விட்டுவிட்டாள். பிறகு மெல்லக் கேட்டேன்.

"வேம்படியில நிண்டா என்னக்கா தெரியும்? ஆயரையும் கண்டிருக்க மாட்டீங்க."

"தெரிஞ்சுது புள்ள. எனக்கு ஒரு குறையுமில்ல. நல்லாப் பூசை கண்டன்."

என்னைத் தேற்றச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

போன வருடத் திருநாளுக்கு எனக்குக் காய்ச்சல், போகவில்லை. காய்ச்சல் நூறுகூட இல்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். இந்த வருடம் போனேன். சீலையைக் கொண்டுபோவதா வேண்டாமா என்று முதல் நாள் முழுக்க யோசித்து, கொண்டுபோனேன். காக்கா பையைப் பார்த்துவிட்டு ஓட்டோவை முடுக்கினார். ஐந்து ஐம்பதுக்கு மூன்றாம் தூணடி. கை தன்பாட்டில் சீலையை விரித்தது. பாண்டிருப்புக்காரி, "சீலையைக் காணாம போன வருசம் கோயிலே வெறிச்சோடிப் போச்சு மிஸ்" என்றாள்.

வெளியே போய் நிற்பது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தேன். இருந்தும் எழும்ப மனம் வரவில்லை. ஆறரை ஆனது, ஆறு நாற்பது ஆனது. அது என் இடம், அம்மா இருந்த இடம், அக்கா இருந்த இடம். யாராவது கேட்கட்டும், கேட்டால் கொடுப்போம் என்று இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. சீலை விரித்திருக்கிறது, யார் கேட்பார்? கேட்காமல் பக்கத்தில் நின்றது ஒரு நடுத்தர வயதுப் பெண், ஒரு கையில் நாலு வயது மகள், மற்றக் கையில் மெழுகுதிரிப் பை. அவள் என்னைப் பார்க்கவேயில்லை. சீலையைப் பார்த்துவிட்டு, அது இல்லாததுபோல வேறுபக்கம் பார்த்தாள்.

நான் எழும்பினேன். "இதில இருங்க. இரண்டு பேருக்கும் காணும்."

"உங்களுக்கு?"

"நான் வெளியில நிக்கப்போறன்."

அவள் இருந்தாள். மகளைச் சீலையில் இருத்தினாள். மேலே பார்த்தாள். "இதுக்குக் காத்தாடிக் காத்து வராது போல" என்று தனக்குள் முணுமுணுத்தாள். இருபத்தைந்து வருடம் காத்த இடம். பாண்டிருப்புக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே பக்க வாசலால் வெளியே வந்தேன்.

வேம்படியில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். காக்கா ஓட்டோவின் முன் சீற்றைக் காட்டி இருக்கச் சொன்னார். வேண்டாம் என்று, அந்தப் புள்ளத்தாய் இருந்ததாக அவர் சொன்ன வேரைக் கேட்டுக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் நின்றேன். அந்த இடத்தில் நிலம் கொஞ்சம் உயரம். ஏழு மூன்றுக்குப் பாட்டுத் தொடங்கியது. உள்ளே நிற்கிறவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன. பீடம் தெரியவில்லை. பாதர் யார் என்றும் தெரியவில்லை. அக்கா என்னதான் கண்டாள் என்று நினைத்தேன்.

முதல் வாசகத்துக்கு எல்லாரும் தரையில் இருந்தார்கள். அப்போது பக்க வாசலை அடைத்து நின்ற முதுகுகள் தணிந்து வாசல் வெளித்தது.

வாசல் நிலைக்குள் நேராக, ஒரு தலையும் மறைக்காமல், மூன்றாம் தூண் தெரிந்தது. அதனடியில் நீலச் சீலை தெரிந்தது. சீலையில் அந்தச் சின்னப் பிள்ளை காலை நீட்டிக்கொண்டு இருந்தது தெரிந்தது. பக்கத்தில் தாயின் பாதி முகம், காது, கையில் செபமாலை. இருபது அடி தூரம். கூப்பிட்டால் கேட்கும்.

அந்த வருடம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இதில் நின்றவள், பூசை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டியபடி பெரிய வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை, இந்தப் பக்கம் தலையைத் திருப்பியிருக்கலாம்.

நற்கருணை நேரம் ஒரு இளம் பாதர் வெயிலுக்குள் வெளியே வந்தார். வரிசை ஒன்றும் இருக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். யாரை முன்னால் விடுவது என்று எண்ண ஒன்றுமில்லை. என் முறை வந்தபோது வாங்கினேன்.

பூசை முடிந்து சீலையை எடுக்கப் போகவில்லை. அந்தப் பிள்ளை அதில் நித்திரையாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய கொப்பியை எடுத்தேன். எழுதிய வரியை அழிப்பது என் வழக்கமல்ல. "அக்கா பிந்தி வந்தாள். இடம் வீண்" என்பதற்குக் கீழே, "இரண்டும் பிழை" என்று எழுதினேன். பிறகு இந்த வருடப் பக்கத்தை எடுத்து நேரங்களை நிரப்பினேன். கடைசி வரி இப்படி இருக்கிறது.

"இடம்: வேம்படி, வேருக்குப் பக்கத்தில். மூன்றாம் தூண் நன்றாகத் தெரிகிறது."